பழைய படம் இல்லாமல் எதோடு ஒப்பிடுவது?
கீமோவுக்கு நடுவிலேயே ஸ்கேன் எடுத்து, மார்பகக் கட்டி சுருங்குவதைப் பார்த்து அடுத்த மருந்தை முடிவு செய்யலாம் என்கிறது நான் படித்த மார்பகப் புற்றுநோய்க் கட்டுரை. சரிதான். ஐரோப்பாவில் நடந்த பெர்கெயின் ஆய்வில், ஹெர்2 வகைப் புற்றுநோய்க்கு (ஹெர்2 என்ற புரதம் அதிகம் உள்ள வகை) அந்தப் புரதத்தைத் தாக்கும் மருந்தை 2 சுற்று கொடுத்து, கட்டி எவ்வளவு செயல்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் பார்த்தார்கள்; மருந்து நன்றாக வேலை செய்தவர்களுக்குக் கீமோ இல்லாமலே சிகிச்சை தொடர்ந்தது.

ஆனால் ஒப்பிட முதல் படம் வேண்டுமே! எங்கள் கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் ஓர் ஊரில் ஸ்கேன் எடுத்துவிட்டு, சிகிச்சைக்குக் கோயமுத்தூர் போகிறவர்கள் அதிகம். என் பெரியம்மா கையில் ரிப்போர்ட் தாள் மட்டும்தான் இருந்தது. மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் சின்ன கிளிப் வைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால் ஆபரேஷனில் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.