ரெண்டு கிலோ டம்பெல்லும் நம்ம ஊர்ப் பெண்களும்

மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், நாகர்கோவில் என்று நம்ம குமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஜிம் இருக்கிறது. பெண்களும் போகிறார்கள். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் உள்ளே போன பிறகு அவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பார்த்தவரை பெண்களுக்கு ரெண்டே வகைப் பயிற்சி. ஒன்று, முக்கால் மணி நேரம் டிரெட்மில், அப்புறம் ரெண்டு கிலோ டம்பெல்லை முப்பது நாற்பது தடவை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போவது. இன்னொன்று, சேர்ந்த முதல் நாளே நூறு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), பர்ப்பி (தரையில் படுத்து எழுந்து துள்ளுவது), குதி, ஓடு என்று கண் இருட்டும் வரை விரட்டுவது. மறுநாள் அந்தப் பெண்ணால் மாடிப்படி இறங்க முடியாது, டாய்லெட்டில் உட்கார முடியாது. கேட்டால், "வலிச்சாத்தான் மேடம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பதில். முதல் வகை அவளைப் பூ மாதிரி நடத்துகிறது, ரெண்டாவது வகை அவளைத் தண்டிக்கிறது. அவளுக்கு உண்மையில் எவ்வளவு வலு இருக்கிறது, அதை எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது என்று ரெண்டிலும் யாரும் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வரும் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். கேஸ்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போனால் அதை அடுக்களை வரை உருட்டியோ தூக்கியோ கொண்டுபோவது யார்? 25 கிலோ அரிசிச் சாக்கை ஆட்டோவில் இருந்து இறக்குவது யார்? அதே பெண் ஜிம்முக்குள் வந்தால் கையில் ரெண்டு கிலோ. "லேடீஸ் இதுக்கு மேல போக வேண்டாம்" என்கிறார்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் காரணம் சொல்ல ஆளில்லை.

குளச்சல் பக்கம் மீன் விற்கும் அக்காமார் சருவத்தைத் தலையில் ஏற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைப்பார்கள். பக்கத்தில் யார் நின்றாலும், "ஒரு கை பிடிச்சு விடு மக்களே" என்பார்கள். அப்புறம் முதுகை வளைக்காமல் குத்தவைத்து உட்கார்ந்து, சருவத்தை உடம்போடு ஒட்டி இழுப்பார்கள். முதலில் முட்டி உயரம், அப்புறம் நெஞ்சு, அப்புறம் தலை. எழும்போது தள்ளுவது தொடையும் இடுப்பும்தான், முதுகு நிமிர்ந்தே இருக்கும். பாரம் உடம்பை விட்டு விலகக் கூடாது, முதுகு வளையக் கூடாது, காலால் தரையைத் தள்ளு. டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் பாரத்தைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது, அதைச் சொல்லிக் கொடுக்கும் நல்ல கோச் வாயில் வருவதும் இதே மூன்றுதான். அந்த அக்காவுக்கு இதை யாரும் வகுப்பெடுக்கவில்லை. பாரம் தூக்குவது பெண் உடம்புக்குப் புதிது என்று சொல்பவர்கள் அதிகாலையில் ஒரு நாள் கடற்கரைக்குப் போய் நின்று பார்க்க வேண்டும்.

பக்கத்து நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் என்கிற கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கும் போட்டி நடக்கிறதே, அதில் பெண்களும் இறங்கித் தூக்குகிறார்கள். நம் நாட்டுப் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே பாரம் தூக்கி வாங்கியதுதான். 2000-ல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் மீராபாய் சானு வெள்ளி வாங்கியது 49 கிலோ எடைப் பிரிவில். தலைக்கு மேல் அவர் அன்றைக்கு ஏற்றியது 115 கிலோ. சின்ன வயதில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவர் அவர். ஆளைப் பார்த்தால் நம்ம பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருப்பார். "பாரம் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிரும், கல்யாணம் ஆகாத புள்ள" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை. தசையைத் தடிக்க வைக்கும் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். பெண்களுக்கு அது, ஆண்களுக்கு இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் வராது. அதை வைத்துக்கொண்டு தெரியாமல் தடித்துப் போக யாராலும் முடியாது.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் எங்கள் தெரு மைனி ஒருத்தர் சண்டைக்கே வந்துவிடுவார். வாழ்நாள் முழுக்க அண்டி ஆபீசில் முந்திரி உடைத்தவர். "வேலைக்குப் போயிட்டு வந்து, தண்ணி கோரி, துணி தொவச்சு, சோறு பொங்கி, இதுக்கு மேல எக்சசைசா? நாங்க செய்யாத வேலையா?" என்பார். அவர் கேள்வி நியாயமானது. அதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும்.

மைனி, நீங்கள் உழைத்த உழைப்பை நான் எந்த ஜென்மத்திலும் உழைக்கப் போவதில்லை. ஆனால் அந்த வேலை உங்கள் உடம்பைக் கேட்டு நடந்ததா? நாள் முழுக்கக் குந்தியிருந்து அதே கை, அதே அசைவு. பாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முட்டி வலித்த அன்றைக்கும் அதே எண்ணிக்கை, பிரசவம் முடிந்து வந்த பிறகும் அதே எண்ணிக்கை. தசை வலுவாக வேண்டும் என்றால் பழகிய பாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் பாரம் வர வேண்டும், அப்புறம் ஓய்வு வர வேண்டும், நல்ல சாப்பாடு வர வேண்டும். உங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது கிடைத்ததா? களைப்பு மட்டும்தான் கிடைத்தது. அதனால்தான் அவ்வளவு உழைத்த பிறகும் இன்றைக்குத் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை.

நம் பெண்கள் போதுமான அளவு கஷ்டப்படவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கஷ்டப்படச் சொல்லி யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்குக் கிடைக்காதது சரியான பாரமும், அதற்கேற்ற ஓய்வும்.

குலசேகரம், திருவட்டார் பக்கத்துக்காரர்களுக்கு ஓய்வைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பால் வெட்டுவோம். ஆசைப்பட்டு தினமும் கத்தி வைத்தால் கொஞ்ச காலத்தில் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். தசையும் அப்படித்தான். பயிற்சி நேரத்தில் அது தளர்ந்துதான் போகிறது, வளர்வது அடுத்த ஒன்றிரண்டு நாளில், தூக்கத்தில். வாரத்துக்கு ரெண்டு மூன்று நாள் பாரம் போதும். உலக சுகாதார நிறுவனமும் தசைப் பயிற்சிக்கு வாரத்தில் குறைந்தது ரெண்டு நாள் என்றுதான் சொல்கிறது. ஏழு நாளும் வா என்று ஒரு டிரெய்னர் சொன்னால், அவர் மனதில் இருப்பது உங்கள் வலு இல்லை, எடை மெஷினில் தெரியும் நம்பர்.

சரி, எவ்வளவு கடுமையாகச் செய்வது? எனக்குத் தெரிந்ததில் நல்ல அளவுகோல் இதுதான். ஒரு பாரத்தைத் தூக்கும்போது, "இதே மாதிரி ஒழுங்காக இன்னும் எத்தனை தடவை முடியும்?" என்று உங்களையே கேளுங்கள். எட்டு தடவை தூக்கிய பிறகும் இன்னும் எட்டு தடவை முடியும் என்றால் பாரம் போதாது, கூட்டுங்கள். ரெண்டு அல்லது மூன்றுதான் முடியும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள், அன்றைக்கு அதுதான் உங்கள் சரியான பாரம். கை நடுங்கி, முதுகு வளைந்து, இனி ஒன்றுகூட முடியாது என்ற இடம் வரை ஒவ்வொரு முறையும் போக வேண்டியதில்லை. அங்கே போனாலும், ஒன்றிரண்டு மிச்சம் வைத்து நிறுத்தியவர்களைவிட வலு பெரிதாகக் கூடிவிடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. களைப்பு மட்டும் கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. ரெண்டுதான் மிச்சம் என்று நினைக்கும்போது உண்மையில் ஐந்தாறு மிச்சம் இருக்கும். பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன், "உனக்கு முடியாது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பழக்கம். அதனால் எப்போதாவது ஒருமுறை, ஆபத்தில்லாத ஒரு பயிற்சியில், சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப் மாதிரி, உண்மையிலேயே முடியாத இடம் வரை போய்ப் பாருங்கள். கடைசி ரெண்டு மூன்றில் நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ள நினைத்தாலும் உடம்பு தானாக மெதுவாகும். அந்த மெதுவைத் தெரிந்துகொண்டால் அப்புறம் கணக்கு தப்பாது. தோளில் பாரம் மாட்டிய கம்பி இருக்கும்போது, ஆள் துணை இல்லாமல் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

ஐம்பது வயது தாண்டியவர்கள் "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று இதுவரை வாசித்திருந்தால், உண்மையில் இது உங்களுக்குத்தான். முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாக இளகத் தொடங்குகிறது. நம் மாவட்டத்தில் ரெண்டு பருவ மழையும் பெய்யும், வருடத்தில் பாதி நாள் முற்றமும் கிணற்றடியும் பாசி பிடித்துக் கிடக்கும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு எழுந்து நடமாடாத எத்தனை அம்மாமாரை நமக்குத் தெரியும்!

ஆஸ்திரேலியாவில், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்துபோன 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு வீட்டிலேயே லேசான பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வாரத்தில் ரெண்டு நாள், அரை மணி நேரம், ஆள் பக்கத்தில் நின்று கவனிக்க, டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குவது. தங்களால் ஒரே தடவை தூக்க முடிந்த உச்சப் பாரத்தில் 80-85 சதவீதத்துக்கு மேல், ஐந்து ஐந்து தடவையாக ஐந்து சுற்று. எட்டு மாதத்தில் பாரம் தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. லேசான பயிற்சிக் குழுவில் 1.2 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது, முதல் மாதம் அவர்களுக்குப் பெரிய பாரமே கொடுக்கவில்லை. முறையைப் படிக்க மட்டும் அந்த மாதம். 1990-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 90 ஆன முதியவர்கள் எட்டு வாரம் கால் தசைக்குப் பாரம் தூக்கினார்கள். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நம்ம வீட்டுப் பாட்டிமாருக்கு நாம் கொடுப்பதோ தைலமும் நாற்காலியும்.

பயங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "கர்ப்பப்பை இறங்கிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிரசவம் ஆன கையோடு பாரம் தூக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. அந்தத் தையல் உள்ளே ஆற வேண்டும், டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும், அப்புறம் மிகச் சின்னதில் இருந்து தொடங்க வேண்டும். ஆனால் அதையே சாகும் வரைக்கும் தடையாக வைத்துக்கொள்ளக் கூடாது. தூக்கும்போது சிறுநீர் கசிந்தால், அடிவயிறு கீழே இழுப்பது போலிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். மூச்சை அடக்கி முக்காமல், எழும்போது விடுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் போய்க் காட்டுங்கள், அதற்கென்றே பயிற்சி இருக்கிறது. இதை வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு எத்தனை பேர் இருமக்கூடப் பயந்து வாழ்கிறார்கள்.

நிறுத்தியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சிறுநீரகத்தைப் பாதிக்கும் விஷயம் அது. தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால், கர்ப்பம் இல்லை என்றால், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். படியேறினாலே மூச்சு வாங்கினால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள். அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் எட்டோ ஒன்பதோ இருக்கும் பெண்ணிடம் "இன்னும் புஷ் பண்ணுங்க" என்று கத்துவது பயிற்சி ஆகாது.

சாப்பாடு பற்றிப் பேசாமல் இது முழுமையாகாது. மரச்சீனியும் மீன்கறியும் நம் உயிர். ஆனால் வீட்டில் யார் தட்டில் மீன் துண்டு விழுகிறது, யார் தட்டில் சாறும் கிழங்கும் மிஞ்சுகிறது என்று ஒரு நாள் பாருங்கள். கிழங்கில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். பாரம் தூக்கும் 60 கிலோ எடைப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 70 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். டப்பா பவுடர் வாங்க வேண்டியதில்லை. சாளையும் நெத்திலியும் சந்தையில் கிடக்கிறது, முட்டை இருக்கிறது, சிறுபயறு இருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிய பிறகு மிச்சத்தைத் தின்னும் வழக்கத்தை மட்டும் விட வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஜிம் நடத்தும் தம்பிமாரிடம் ரெண்டு கோரிக்கை. கம்பியில் மாட்டும் 1.25 கிலோ தட்டுகள் ஒரு ஜோடியாவது வாங்கி வையுங்கள். வெறும் கம்பியே 20 கிலோ. அதில் ரெண்டரை கிலோ தட்டை ரெண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக 5 கிலோ, அதாவது கால்வாசிப் பாரம் கூடிவிடுகிறது. தலைக்கு மேல் தூக்கப் பழகும் பெண்ணால் அந்தத் தாண்டலைத் தாண்ட முடியாது, உடனே "லேடீசுக்கு இது செட் ஆகாது" என்று நீங்களே முடிவு கட்டிவிடுகிறீர்கள். முடிந்தால் பெண்கள் போட்டியில் பயன்படுத்தும் 15 கிலோ கம்பி ஒன்றும் வாங்குங்கள். பிடியும் மெலிசு, கைக்கு அடங்கும்.

ரெண்டாவது, "லேடீஸ் டைம்" என்று காலை பதினொரு மணியைக் கொடுத்தால் டீச்சரும் நர்சும் அண்டி ஆபீஸ் போகிற அக்காவும் எப்படி வருவார்கள்? வாரத்தில் ரெண்டே ரெண்டு நாள், அதிகாலை ஐந்தரை முதல் ஆறரை வரை எங்களுக்கு விட்டுத் தாருங்கள். ஆள் சேர்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.