தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைக்கு யார் பெயரை எழுதுவது?

பிறப்புச் சான்றிதழில் பெற்றெடுத்தவர்கள் பெயர் மட்டுமே இருக்க வேண்டும், தத்தெடுத்தவர்கள் பெயரைப் போட்டால் அது அரசே தரும் பொய்ச்சான்று என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் சொல்கிறார். அந்தத் தாளை நாம் எங்கே நீட்டுகிறோம் என்று யோசித்தாரா? பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஆதார். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதெல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதற்காகத்தான் அங்கெல்லாம் பெற்றோர் பெயரைக் கேட்கிறார்கள். தத்துப்பிள்ளை ஒவ்வொரு கவுன்டரிலும் தன் கதையைச் சொல்லிக்கொண்டே போக வேண்டுமா?

தவிர, மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே சான்றிதழ் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஆக, பெற்றவர்கள் இருவர் பெயரும் அதில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

சரி, பெற்றவர் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை நியாயமானது, மறுக்கவில்லை. டாக்டர் முதலில் கேட்பதே "வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்பதுதான். இங்கிலாந்தில் 1975-ல் வந்த சட்டப்படி, தத்துப்பிள்ளைகள் 18 வயதானதும் தங்கள் முதல் பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கலாம். அன்றாடம் காட்டும் சான்றிதழில் வளர்த்தவர்கள் பெயர், மூலப் பதிவு தனியாகப் பத்திரமாக. எனக்கு இது போதும். நம் நாட்டிலும் வேர் தேட வழி இருக்கிறது. ஆனால் பெற்றவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும்.

அப்புறம் ஒன்று. வளர்க்க முடியாத பிள்ளையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. யார் பெற்றது என்றே தெரியாமல் அந்தத் தொட்டிலில் கிடைத்த பிள்ளைகளின் சான்றிதழில் கட்டுரையாளர் யார் பெயரை எழுதச் சொல்வார்?