கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லை

எழுத வேண்டாம்னுதான் நாலு நாளா இருந்தேன். ஆனா நேத்து ராத்திரி வரைக்கும் போன் பண்ணி விசாரிச்சுட்டே இருக்காங்க, சாவு வீட்டை விசாரிக்கிற அதே குரல்ல. நடந்தது கல்யாணம்ங்க, எங்கம்மாவோட மறுகல்யாணம்.

திங்கட்கிழமை என்ன நடந்ததுன்னு கோத்தகிரியில பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பாங்க. ஆராதனை முடிஞ்சு எல்லாருக்கும் டீயும் வர்க்கியும் கொடுத்துட்டு இருந்தோம். சபையில மூத்தவங்க ஒருத்தர் வர்க்கியை டீயில முக்கிக்கிட்டே எங்கம்மாகிட்ட கேட்டாங்க: "அது சரி, உயிர்த்தெழுதல்ல எந்தப் புருஷன் கையப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருப்பே? முதல் புருஷன் கல்லறைக் கல்லுல வேற உனக்கு இடம் விட்டு வச்சிருக்கியே!" சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் வரல.

அம்மாவுக்கு 54 வயசு. அப்பா போய் பதினோரு வருஷம். இப்ப கட்டினவரு தபுதாரர், சம்சாரத்தை இழந்தவர், அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ரெண்டு பேருக்கும் பிள்ளைங்க சம்மதம். சபை ஐயர் மூணு கல்யாண ஓலை வாசிச்சாரு, ஒருத்தரும் எழுந்து ஆட்சேபணை சொல்லல. ஆட்சேபணை எல்லாம் வர்க்கிக்காகக் காத்துட்டு இருந்திருக்கு.

இந்தக் கேள்வி புதுசு இல்லை. பைபிள்ல மத்தேயு 22, மாற்கு 12, லூக்கா 20, மூணு இடத்துல இருக்கு. அண்ணன் பிள்ளையில்லாம செத்தா தம்பி கட்டிக்கணும்ங்கிற மோசே சட்டத்தை வச்சு, ஒரு பெண்ணை ஏழு அண்ணன் தம்பிக வரிசையாக் கட்டி, ஏழு பேரும் செத்து, கடைசியில அவளும் செத்துட்டா. உயிர்த்தெழுதல்ல அவ யாருக்குப் பெண்டாட்டி? கேட்டது யாரு? சதுசேயர். அந்தக் காலத்து யூதர்ல ஒரு பிரிவு, உயிர்த்தெழுதலே கிடையாதுன்னு சொல்றவங்க. பதில் வேணும்னு கேட்கல, மாட்டி விடக் கேட்டாங்க. இயேசு சொன்னது: உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை, தேவதூதரைப் போல இருப்பாங்க. அதுக்கு முந்தின வசனத்துல, வேதவாக்கியமும் தெரியல, தேவனுடைய வல்லமையும் தெரியல உங்களுக்குன்னு ஒரு போடு. திங்கட்கிழமை அதை நான் சொல்லியிருந்தா 'வாயாடி'ன்னு பேர் வந்திருக்கும்.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. கொள்வனை, கொடுப்பனை. நம்ம வீடுகள்ல 'அவங்களோட எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு'ன்னு பெரியவங்க பேசுவாங்களே, அதேதான். பொண்ணு எடுக்கிறது, பொண்ணு கொடுக்கிறது. ஏழு பேர் கைமாத்தின அந்தப் பெண்ணுகிட்ட, 'உனக்கு யாரைம்மா பிடிச்சது'ன்னு சதுசேயர்ல ஒருத்தன் கேட்டானா? அவ யார் சொத்துங்கிறதுதான் அவங்க கணக்கு. அங்கே எடுக்கிறதும் இல்ல, கொடுக்கிறதும் இல்லன்னா, அவ யார் சொத்தும் இல்லன்னு அர்த்தம். நான் அப்படித்தான் படிக்கிறேன். தப்புன்னா வேதபாடம் படிச்சவங்க திருத்துங்க. வர்க்கி சாப்பிட்டவங்க வேண்டாம்.

'நீ என்ன ஊழியக்காரியா, வசனம் பேச?' இல்ல. ஞாயிறு பள்ளியில மனப்பாடம் பண்ணதுதான். அது போதும்.

'1 தீமோத்தேயு 5-ல, ஒரே புருஷனுக்கு மனைவியாயிருந்தவள்னு இருக்கே?' இருக்கு. சபை யாரை விதவைகள் பட்டியல்ல சேர்க்கணும்ங்கிற பேச்சு அது, வயசு அறுபதுக்குக் குறையக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. எங்கம்மா எந்தப் பட்டியல்லயும் பேர் கேட்கல. பதினோரு வருஷத்துல எந்தப் பட்டியலும் எங்க வீட்டுப் படி ஏறினதும் இல்ல. அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ இளவயது விதவைங்க கட்டிக்கட்டும்னும் பவுல் எழுதியிருக்காரு. 54 இளவயசான்னு கேட்பீங்க. வாங்க, மலங்காட்டுச் சரிவுல அம்மாகூடக் கொழுந்து கிள்ளிப் பாருங்க.

கல்யாணத்தை நித்தியத்துக்கும் சேர்த்துக் கட்டி வைக்கிற சபை ஒண்ணு இருக்கு, மார்மன் சபை. நாம அதுல இல்லையே. நம்ம பீடத்துக்கு முன்னால நின்னு சொல்ற வாக்கு மரணம் பிரிக்கும் வரைக்கும்தான். மரணம் பிரிச்சுது. ராத்திரி ஷிப்டுக்குப் போன மனுசன் ஃபேக்டரி ஜீப்புலதான் திரும்பி வந்தாரு. எங்கம்மா பிரிக்கல.

இதே சபையில சம்சாரம் தவறி வருஷம் திரும்புறதுக்குள்ள மறுபடி கட்டின ஆம்பளைங்க பேரை நான் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஒருத்தர்கிட்டயாவது 'எந்தப் பெண்டாட்டி கையப் பிடிச்சு எழுந்திருப்பீங்க'ன்னு கேட்டீங்களா? 'பாவம், சோறாக்கிப் போட ஆள் வேணுமே'ன்னீங்க. சாராள் செத்த பிறகு ஆபிரகாம் கேத்தூராளைக் கட்டி ஆறு பிள்ளை பெத்தாரு. கடைசியில அடக்கம் பண்ணது மக்பேலா குகையில, சாராள் பக்கத்துல. விசுவாசிகளின் தகப்பன்னு பேரு.

கல்லுக்கு வர்றேன். கறுப்பு கிரானைட். இடது பாதியில அப்பா பேரு, தேதி, ஒரு வசனம். வலது பாதி வழுவழுன்னு வெறுமையா இருக்கும், மழை விட்டதும் பார்த்தா எதிர்ச் சரிவுத் தேயிலை அதுல தெரியும். அப்பாவோட பி.எஃப். பணத்துல அம்மா செஞ்சு வச்சது. அப்ப யாரும் சிரிக்கல, 'பத்தினி'ன்னாங்க.

ஒண்ணை ஒத்துக்கணும். அந்தக் கேள்வியை முதல்ல கேட்டது அவங்க இல்ல. நான்தான். ஆறு மாசம் முன்னாடி, அம்மா இந்த விஷயத்தைச் சொன்ன ராத்திரி, 'அப்ப அப்பா?'ன்னு கேட்டேன். கொள்வனை கொடுப்பனை வசனம் எனக்கு அப்பவும் தெரியும். பிடிக்கல. இப்பவும் முழுசாப் பிடிக்கலன்னு வச்சுக்குங்க. தேவதூதர் மாதிரின்னா, அப்பா அம்மாவைப் பார்த்து 'ஏ புள்ள'ன்னு கூப்பிட மாட்டாரா? உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாளுக்கே முதல்ல அடையாளம் தெரியல, தோட்டக்காரர்னு நினைச்சா. 'மரியாளே'ன்னு பேர் சொன்னதும் தெரிஞ்சுது. அதை வச்சுத்தான் நான் தேத்திக்கிறேன்.

அம்மா அன்னைக்குப் பதிலே சொல்லல. அடுப்புல பால் பொங்கிச்சு, எழுந்து போயிட்டாங்க.

நேத்து சாயங்காலம் கல்லறைக்குப் போயிருந்தோம். பழைய டூத் பிரஷ்ஷால அம்மா எழுத்துல ஏறின பாசியைத் தேய்ச்சாங்க. புதுசாக் கட்டினவரு கீழ குழாய்ல இருந்து வாளியில தண்ணி தூக்கிட்டு வந்தாரு, மூச்சு வாங்குது. அப்பா பக்கம் முடிச்சதும் அம்மா நிமிர்ந்தாங்க. அவரு பிரஷ்ஷைக் கேட்டு வாங்கி, பேரு இல்லாத அந்தப் பாதியையும் தேய்ச்சுக் கழுவி விட்டாரு.