இரண்டாம் பேசிலை போர்க்களத்துல மட்டும் தேடாதீங்க

கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகரா வச்சு ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசர்கள், அதாவது பைசாண்டியப் பேரரசர்கள் பத்தி யார் எழுதினாலும் ஜஸ்டினியன், அவர் மனைவி தியடோரா, ஹாகியா சோஃபியா கோயில், அங்கிருந்து ஒரே தாவு தாவி 1453ல கான்ஸ்டான்டினோபிள் மதில்ல சண்டை போட்டு செத்த கடைசி கான்ஸ்டன்டைன். நடுவுல இருக்குற தொள்ளாயிரம் வருஷத்துல பெரும்பாலும் ஒரே ஒரு பேர்தான் வரும், இரண்டாம் பேசில், அதுவும் பல்கேரியர்களைக் கொன்னவர்ங்கற பட்டத்தோட. 1014ல கிளெய்டியன் போர்ல பிடிபட்ட வீரர்களோட கண்ணைக் குருடாக்கி, நூறு பேருக்கு ஒருத்தனுக்கு மட்டும் ஒத்தைக் கண்ணை விட்டு, அவன் மத்தவங்களைக் கூட்டிட்டுப் போகட்டும்னு பல்கேரிய மன்னன் சாமுவேல்கிட்ட அனுப்பினாராம், அதைப் பார்த்து சாய்ஞ்ச சாமுவேல் எழுந்திரிக்கவே இல்ல. 14,000, 15,000னு பழைய நூல்கள் சொல்ற எண்ணிக்கை மிகைன்னு பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. எண்ணிக்கை எதுவா இருந்தாலும் அது கொடூரம், அதுக்கு நான் சப்பைக்கட்டு கட்ட வரல.

ஆனா 976ல இருந்து 1025 வரைக்கும், கிட்டத்தட்ட அம்பது வருஷம் ஆண்ட ஒரு மனுஷன்கிட்ட இந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடறோம்னுதான் எனக்கு ஆதங்கம். என்னைக் கேட்டா அவரோட ஆட்சியில முக்கியமான வருஷம் 1014 இல்ல, 996. அந்த வருஷம் அவர் போட்டது ஒரு நிலச்சட்டம்.

கதை அவர் பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. 927-928 குளிர்காலம் அந்த நாட்டுல பயங்கரமா இருந்துச்சு, நூத்தி இருபது நாள் தரை உறைஞ்சே கிடந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. பயிர் போச்சு, பஞ்சம் வந்துச்சு, சாப்பாட்டுக்கு வழியில்லாத குடியானவங்க காணியை அடிமாட்டு விலைக்கு வித்தாங்க, வாங்கினது யாருன்னா பதவியிலயும் படையிலயும் இருந்த பெரிய குடும்பங்களும் மடங்களும். அப்போதைய பேரரசர் முதலாம் ரோமானோஸ் 934ல ஒரு சட்டம் போட்டாரு, பஞ்ச காலத்துல அநியாய விலைக்கு வாங்கின நிலத்தைத் திருப்பிக் கொடுன்னு. சின்ன விவசாயி இருந்தாத்தான் வரி வரும், படைக்கு ஆள் வரும், அவன் அழிஞ்சா ரெண்டும் போச்சுங்கறதை அந்தச் சட்டத்துலயே வெளிப்படையா சொல்லியிருக்காரு. சட்டம் நல்ல சட்டம்தான், ஆனா நாப்பது வருஷம் ஒருத்தன் அனுபவிச்சுட்டா அப்புறம் யாரும் உரிமை கேக்க முடியாதுன்னு ஒரு பழைய விதி இருந்துச்சே, அது போதும் பெரிய மனுஷங்களுக்கு. அதிகாரிகளைக் கையில போட்டுக்கிட்டு, மிரட்டி, நாளைக் கடத்தி, நாப்பது வருஷத்தை ஓட்டிட்டா நிலம் அவங்களோடது.

பேசில் இந்தப் பெரிய குடும்பங்களைப் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. அஞ்சு வயசுல பேரரசரா இருந்த அப்பா செத்துட்டாரு, அம்மா தியோஃபானோ தளபதி நிகெஃபோரஸ் ஃபோகாஸைக் கட்டிக்கிட்டா, அவர் பேரரசர் ஆனாரு, அவரைக் கொன்னுட்டு ஜான் ட்சிமிஸ்கெஸ் அரியணைக்கு வந்தாரு. பதினெட்டு வயசுல ஆட்சி கைக்கு வந்தா நிஜ அதிகாரம் பேசில் லெகாபெனோஸ்ங்கற பெரிய மாமன்கிட்ட, வெளியில பார்தாஸ் ஸ்க்லெரோஸ் கலகம், அதை அடக்கின பார்தாஸ் ஃபோகாஸே அப்புறம் கலகம், ரெண்டு பேருக்கும் இன்னைக்கு துருக்கியில இருக்குற அனத்தோலியாவுல கணக்கில்லாத நிலம், அந்த நிலத்துல இருந்து வர்ற ஆளும் பணமும். தங்கச்சி அன்னாவை கீவ் அரசர் விளாதிமிருக்குக் கட்டிக் கொடுத்து, அங்கிருந்து வந்த 6,000 வீரர்களை வச்சுத்தான் 989ல தப்பிச்சாரு. விளாதிமிர் ஞானஸ்நானம் வாங்கி ரஷ்ய, உக்ரைன் மக்களோட கிறிஸ்தவ வரலாறு அதுல இருந்து கிளம்புனது தனிக்கதை, அதை இங்க நீட்டல.

இப்ப 996 சட்டத்துக்கு வருவோம். நாப்பது வருஷக் கெடு பெரிய மனுஷங்களுக்குக் கிடையாது, ரோமானோஸ் போட்ட சட்டத்துக்கு அப்புறம் அமுக்கின நிலம் எத்தனை வருஷம் ஆனாலும் திரும்பக் கொடுக்கணும். இதை விட என்னை உலுக்கினது அதுல வர்ற ஃபிலோகாலெஸ் கதை. அவனும் ஒரு ஏழைக் கிராமத்தான்தான், ஊர்க்காரங்களோட சேர்ந்து வரி கட்டினவன். அரண்மனையில வேலை கிடைச்சு பதவி மேல பதவி ஏறினதும் கொஞ்சம் கொஞ்சமா சொந்த ஊரையே வளைச்சுப் போட்டுட்டான், மொத்த கிராமமும் அவன் பண்ணை ஆயிருச்சு, ஊர்ப் பேரைக்கூட மாத்திட்டான். பேசில் அந்தப் பக்கமா போகும்போது ஜனங்க வந்து முறையிட்டிருக்காங்க. அவன் கட்டின மாளிகையெல்லாம் இடிச்சுத் தரைமட்டமாக்கி, நிலத்தை ஏழைங்ககிட்ட திருப்பிக் கொடுத்து, அவன் ஆரம்பத்துல எப்படி இருந்தானோ அப்படியே விட்டுட்டாரு. பேரரசரே இதை உதாரணமா சட்டத்துக்குள்ள எழுதி வைக்கிறாருங்க, ஒரு குக்கிராமத்துக்காரங்களோட புகாரை!

இன்னொண்ணு அனத்தோலியாவோட கப்படோக்கியா பகுதி நிலச்சுவான்தார் யூஸ்டாதியஸ் மலெய்னோஸ். போர்ல இருந்து திரும்பி வந்த பேரரசரையும் அவர் மொத்தப் படையையும் தன் வீட்டுல வச்சு விருந்து போட்டாரு. பாராட்டற மாதிரி பாராட்டி தலைநகருக்குக் கூட்டிட்டுப் போன பேசில் அவரை ஊருக்கே திரும்ப விடல, எல்லா வசதியும் செஞ்சு கொடுத்து சாகற வரைக்கும் வச்சிருந்துட்டு சொத்தை கஜானாவுல சேர்த்துட்டாரு. ஒரு படைக்கே சோறு போடற அளவுக்கு ஒரு தனி மனுஷன்கிட்ட இருந்தா அவனே இன்னொரு அரசன்தான்னு அவர் புரிஞ்சுக்கிட்டாரு.

1002 வாக்குல வரியிலயும் கை வச்சாரு. அதுவரைக்கும் ஒருத்தன் வரி கட்ட முடியாம ஊரை விட்டுப் போயிட்டா அந்த பாக்கி பக்கத்து ஏழைங்க தலையிலதான் விடியும். இனிமே அதை அக்கம்பக்கத்துல இருக்குற பெரிய நிலக்காரங்க கட்டட்டும்னு சொல்லிட்டாரு. மடங்களுக்கும் நிலம் இருந்ததால திருச்சபைக்கும் அடி. தலைமைப் பேராயர் செர்ஜியஸ் வந்து கேட்டும் அவர் இறங்கல.

இதுக்கு ஒரு பதில் வழக்கமா வரும், ஏழை மேல பாசத்துல பண்ணல, எதிரிக் குடும்பங்களை ஒழிக்கப் பண்ணினதுன்னு. சரி, அப்படியே இருக்கட்டும், அவர் புனிதர்னு நான் எங்க சொன்னேன், மூர்க்கமான, யாரையும் நம்பாத ஆளு. ஆனா நிலம் திரும்பக் கிடைச்ச குடியானவனுக்கு பேரரசரோட மனசுக்குள்ள என்ன ஓடுச்சுங்கறது பிரச்சினையே இல்ல. அப்புறம் பல்கேரியாவைப் பாருங்க. 1018ல முழுசா ஜெயிச்ச பிறகு, சாமுவேல் காலத்துல எப்படி தானியமா வரி கொடுத்தீங்களோ அப்படியே கொடுங்கன்னு விட்டாரு. காசாத்தான் கட்டணும்னு பின்னால வந்தவங்க மாத்தினாங்க, 1040ல பல்கேரியா முழுக்க கலகம் வெடிச்சுச்சு. கண்ணைக் குருடாக்கின அதே ஆளுதான் இதையும் யோசிச்சிருக்காரு, ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

எனக்கு அவர் மேல இருக்குற நிஜமான கோபம் வேற. கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல, அதுகூடப் பரவாயில்ல, தம்பி கான்ஸ்டன்டைனோட பொண்ணுங்க ஜோயி, தியடோரா ரெண்டு பேரையும் நல்ல வயசுல கட்டிக்கொடுத்து யாரு அடுத்ததுன்னு முடிவு பண்ணியிருக்கலாமே. அம்பது வருஷம் கலகத்தோடயே வாழ்ந்த ஆளுக்கு இது தெரியாதா? 1025 டிசம்பர்ல சாகும்போது கஜானாவுல 2,00,000 பவுண்டு தங்கம் இருந்துச்சுன்னு அந்த நூற்றாண்டு வரலாற்றாசிரியர் செல்லோஸ் எழுதியிருக்காரு. தம்பிக்கு அப்புறம் வாரிசு மட்டும் இல்ல.

அப்புறம் நடந்தது மூணே வருஷத்துல. ஏழைங்களுக்கு பேசில் ரெண்டு வருஷ வரியை நிறுத்தி வச்சிருந்தாரு, தம்பி வந்ததும் அந்த பாக்கியையும் சேர்த்து மூணு வருஷத்துல அஞ்சு வருஷ வரி வசூல் பண்ணினாரு. 1028 நவம்பர்ல சாகக் கிடந்த தம்பி, அம்பது வயசு ஆகப்போற ஜோயிக்கு அவசர அவசரமா மாப்பிள்ளை தேடினாரு. கிடைச்சவர் ரோமானோஸ் ஆர்கிரோஸ், அதே பெரிய குடும்பங்கள்ல ஒண்ணு. அரியணை ஏறின கையோட அவர் செஞ்ச முதல் வேலைகள்ல ஒண்ணு, பெரிய நிலக்காரங்க ஏழைங்களோட பாக்கியைக் கட்டணும்ங்கற பேசிலோட சட்டத்தை ரத்து பண்ணினது. சொந்த மருமகன், சொந்த வீட்டுக்குள்ள இருந்தே. திருச்சபையும் நிலக்காரங்களும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தது ஒரு கையெழுத்துல முடிஞ்சு போச்சு, அடுத்து வந்த பேரரசர்கள்ல ஒருத்தர்கூட அதைத் திரும்பக் கொண்டு வரல.