90 வருஷம்... எந்தப் பத்திரத்தில்?

முந்தாநாள் அந்த லைவைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: தாய்லாந்தின் புக்கெட் தீவில் நம்மவர்களுக்குக் குத்தகையில் வீடு விற்கும் ஒருவர் நேரலையில் பேசினார். கடலைப் பார்த்த வில்லா, நீச்சல்குளம், "90 வருஷம் உங்களுக்கே சொந்தம் சார்." அதற்குக் கீழே, பத்திரத்தின் பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்று நான் போட்ட ஒற்றை வரிக்கு 'வயிற்றெரிச்சல் பார்ட்டி' என்று பட்டம் கிடைத்தது. சரி, எரிகிற வயிற்றோடே சொல்கிறேன்: தாய்லாந்தில் 90 வருடக் குத்தகை கிடையாது. வீட்டுக்கு 30தான்.

அந்த நாட்டு சிவில், வணிகச் சட்டத்தின் 540ஆம் பிரிவைப் பாருங்கள். கூடுதலாக எழுதினாலும் 30க்குச் சுருங்கிவிடும். இரண்டு தடவை புதுப்பித்து 90 ஆக்குவதாகச் சொல்லும் '30+30+30'இல், நில அலுவலகத்தில் பதிவாவது முதல் 30 மட்டும். மிச்சம் 60ம் வாய் வார்த்தைக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் நிலம் கைமாறினால், பதிவான குத்தகைக்குப் புது ஆள் கட்டுப்பட வேண்டும். பழைய ஆள் கொடுத்த 'புதுப்பித்துத் தருகிறேன்' என்ற வாக்குக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 3 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவே செய்யாமல் விட்டால் 3 வருடத்துக்குத்தான் செல்லும். பேரனுக்கு விட்டுப் போகலாம் என்று வேறு சொன்னார். வாரிசு பற்றித் தனியாக எழுதிக்கொள்ளாவிட்டால் குத்தகைதாரர் கண்ணை மூடுகிற அன்றே குத்தகையும் முடிந்தது. பேரன் போட்டோ பார்த்துக்கொள்ளலாம்.

"கம்பெனி ஆரம்பித்து நிலத்தையே வாங்கலாமே, நாலு பேர் வாங்கியிருக்கிறார்களே?" வாங்கியிருக்கிறார்கள். அங்கே பொதுவாக வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது என்பதால், கம்பெனியின் 51 சதவீதப் பங்கை முன்பின் தெரியாத உள்ளூர்க்காரர்கள் பெயரில் எழுதிவிட்டு, காசு மொத்தமும் நம்முடையது. இதற்குப் பெயர் பினாமி. 1999ஆம் வருட வெளிநாட்டார் வணிகச் சட்டத்தில் இதற்கு 3 வருடம் வரை சிறை, 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் பாத் வரை அபராதம். நிலத்தையும் விற்றே ஆகவேண்டும். 4 கோடி பாத் முதலீடு செய்து, அமைச்சர் அனுமதியோடு 1 ராய் (அந்த நாட்டு நில அளவு, சுமார் 40 சென்ட்) வாங்கும் வழியும் இருக்கிறது. லைவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா?

கடலோரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதையும் திரித்துவிடாதீர்கள். காண்டோ, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்குங்கள், உங்கள் பெயரிலேயே முழு உரிமை. ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. அதில் இடம் பாக்கி இருக்கிறது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பணம் வெளிநாட்டு நாணயமாகவே உள்ளே போய், அங்குள்ள வங்கியில்தான் பாத்தாக மாற வேண்டும். எனக்குத் தெரிந்த திருச்சிக்காரர் ஒருவர், ரேட் நன்றாக இருக்கிறதே என்று இங்கேயே பாத்தாக மாற்றி அனுப்பினார். பதிவுக்குத் தேவையான அந்நியச் செலாவணிச் சான்று கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பி எடுத்து, டாலராக மறுபடி அனுப்பி, இரண்டு தடவை கமிஷன் கட்டினார். அவர் யாருக்கும் வயிற்றெரிச்சல் கொடுக்கவில்லை, பாவம்.

இந்தியப் பக்கக் கணக்கும் உண்டு. ஒரு நிதியாண்டில் தலைக்கு 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். வருடாவருடம் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம்.

"நாள் வாடகையிலேயே போட்ட காசை எடுத்துவிடலாம்" என்றார் அந்த மகராசன். 30 நாளுக்குக் குறைவாக விடுவது ஹோட்டல் சட்டத்துக்குள் வரும். அனுமதி யார் வாங்குவது? மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் கொந்தளிக்கும், கரையில் சிவப்புக் கொடி பறக்கும். அப்போது யார் வருவார்கள்? உப்புக்காற்றில் ஏசி வெளி யூனிட் துருப்பிடித்துப்போனால் யார் மாற்றுவது?

"எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசாதே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எல்லாம் தெரியாதுதான். ஆனால் பத்திரம் படிக்கத் தெரியும். லைவில் காட்டியது ஆங்கில மொழிபெயர்ப்பு. அங்கே செல்லுபடியாவது தாய்லாந்து மொழியில் பதிவான மூலம். முழு உரிமைப் பட்டாவான சனோட்டின் பின்பக்கத்தில்தான் குத்தகை, அடமானம் எல்லாம் பதிவாகியிருக்கும்.

நான் கேட்டது அந்தப் பின்பக்கத்தைத்தான். கமெண்டை அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.