டிராக்கர் கடன்: அபராதம் போட்டது நாடாளுமன்றக் குழு அல்ல

"அயர்லாந்தில் நாடாளுமன்றக் குழுதான் வங்கிகளுக்கு அபராதம் போட்டது, வட்டி ஏறியதும் கட்ட முடியாதவர்கள் போட்ட கூச்சல் அது" என்று டிராக்கர் வீட்டுக் கடன் விவகாரத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

டிராக்கர் வீட்டுக் கடனின் வட்டி, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 2008-க்குப் பிறகு அந்த விகிதம் சரிந்தது. ஆனால் இடையில் நிலையான வட்டிக்கு மாறியிருந்த பலரை, ஒப்பந்தப்படி உரிமை இருந்தும், வங்கிகள் டிராக்கருக்குத் திரும்ப விடவில்லை. அதாவது, குறைய வேண்டிய வட்டி குறையவில்லை. பாதிக்கப்பட்டவை 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள். 99 குடும்பங்களின் வீடே போய்விட்டது. இதைக் கூச்சல் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, அபராதம்? நாடாளுமன்றத்தின் நிதிக் குழுவுக்கு அந்த அதிகாரமே கிடையாது. 2017-இல் அயர்லாந்து மத்திய வங்கியின் ஆளுநர் பிலிப் லேனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது, பாதிக்கப்பட்டவர்களையும் நேரில் பேசவைத்தது. அந்த அழுத்தம் பெரிய விஷயம்தான். ஆனால் 2015 டிசம்பரிலேயே ஆய்வைத் தொடங்கியதும், அப்புறம் அபராதம் விதித்ததும் அயர்லாந்து மத்திய வங்கி. பாங்க் ஆஃப் அயர்லாந்துக்கு மட்டும் 2022-இல் 10 கோடி யூரோவுக்கு மேல்.