எந்தச் சதுர அடி?

வீடு கட்டப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவரின் முதல் கேள்வி "சதுர அடிக்கு என்ன ரேட் சொல்கிறார்கள்?" என்பதுதான். பதில் சொன்னதும் அடுத்தது வரும்: "அவ்வளவா? என் மைத்துனர் இதைவிடக் குறைவாக முடித்தாரே!" அந்த மைத்துனரின் கணக்கில் சுற்றுச்சுவர் இருந்ததா, தண்ணீர்த் தொட்டி இருந்ததா, பள்ளமான மனையை மேடாக்க எத்தனை லாரி மண் அடித்தார் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக்காக ஒப்பந்ததாரர்களிடம் மதிப்பீடு வாங்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அதிக எரிச்சலூட்டியது இந்த ஒற்றை எண்தான்.

எதனால் பெருக்குவது என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளிப்புற அளவு 40 அடிக்கு 30 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 சதுர அடி. வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால், நான்கு பக்கமும் கழித்தபின் உள்ளே மிஞ்சுவது 38.5 அடிக்கு 28.5 அடி, ஏறக்குறைய 1,097 சதுர அடி. சுவரின் தடிமனிலேயே நூறு சதுர அடிக்கு மேல் போய்விட்டது. அறைகளுக்கு நடுவே வரும் சுவர்கள் தனி. இப்போது ஒரு ஒப்பந்ததாரர் 1,200ஐப் பெருக்குகிறார். இன்னொருவர் பால்கனி, படிக்கட்டுக்கு மேலே வரும் அறை, போர்டிகோ எல்லாவற்றையும் சேர்த்து 1,400 ஆக்கிக்கொள்கிறார். இரண்டாமவர் ரேட்டில் பத்து சதவீதம் குறைவாகச் சொல்லிவிட்டு, மொத்தத்தில் ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொண்டு போகலாம். அவர் பொய் சொல்லவில்லை. பால்கனி கட்டவும் செலவு இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்ப்பதில் தவறும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பரப்பைத்தான் பெருக்குகிறார்களா என்று பார்க்காமல் "இவர் மலிவு" என்று முடிவுகட்டுவது நம் தவறு.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஒப்பந்ததாரரிடம் விலை கேட்கும் முன்பே வரைபடம் நம் கையில் இருக்க வேண்டும். அறைகளின் அமைப்பைக் காட்டும் படம் மட்டும் போதாது. மண் பரிசோதனையும், அதை வைத்துப் பொறியாளர் தந்த கம்பி, தூண், உத்திரம், அஸ்திவார விவரங்களும் வேண்டும். அந்தப் பொறியாளர் நாம் அமர்த்தியவராக இருப்பது நல்லது. அதன்பிறகு எல்லோருக்கும் ஒரே படம், ஒரே பொருள் விவரம், ஒரே அளவுப் பட்டியல். இது இல்லாமல் வாங்கும் மூன்று மதிப்பீடுகள் மூன்று வெவ்வேறு வீடுகளுக்கானவை.

"அதற்கெல்லாம் தனியாகப் பணம் தர வேண்டுமா, ஒப்பந்ததாரரே இலவசமாக வரைந்து தருகிறாரே" என்று வீட்டிலேயே கேட்டார்கள். இலவச வரைபடத்தில் அடங்கியிருக்கும் கம்பியின் அளவை யார் தீர்மானிக்கிறார் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும்.

கம்பியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு வந்த மதிப்பீடு ஒன்றில் கம்பி தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. எந்த விட்டம், எவ்வளவு இடைவெளி என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.62 கிலோ எடை. அதைத் தளத்தில் 150 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டுவதற்குப் பதில் 200 மில்லிமீட்டருக்குத் தள்ளிக் கட்டினால், அந்தத் திசையில் கம்பி நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கும், ரசீதும் அசலாகவே இருக்கும். கான்கிரீட் கொட்டிய மறுநாள் யாராலும் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கான்கிரீட்டுக்கும் இதே கதைதான். "நல்ல கலவை" என்று எழுதித் தருவதில் பயனில்லை; கொட்டிய 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனா 25 நியூட்டனா, எவ்வளவு தாங்க வேண்டும் என்று எண்ணாக எழுதினால்தான் அதே கலவையில் சிறு கனசதுரக் கட்டி வார்த்து அழுத்திச் சோதிக்கலாம், சண்டையும் போடலாம். சிமென்ட் எந்த நிறுவனத்துடையது என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள், கலவையில் தண்ணீர் அதிகமானால் வலிமை குறையும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, மதிப்பீட்டில் இல்லாதவை. வாங்கிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் எழுதியிருப்பதை மற்றவர் எழுதியிருக்கிறாரா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். விலையை அப்போது பார்க்கவே இல்லை. மண் நிரப்புதல், கழிவுநீர்த் தொட்டி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், நீர்க்கசிவுத் தடுப்பு, அறைகளில் பரண், கட்டுமானத்துக்கான தண்ணீரும் மின்சாரமும், வேலை முடிந்ததும் இடிபாடுகளை அள்ளுதல் என்று விடுபட்டவை வந்துகொண்டே இருந்தன. மிகக் குறைந்த விலை சொன்னவரின் தாளில்தான் இடைவெளிகள் மிக அதிகம். விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு எழுதி வாங்கிச் சேர்த்தபோது, முதலிடத்தில் இருந்தவர் சத்தமில்லாமல் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

டைல்ஸ், குழாய்ச் சாமான்கள், கதவு, சுவிட்சு போன்றவற்றுக்கு "இவ்வளவு வரை எங்கள் செலவு, அதற்கு மேல் உங்களுடையது" என்று ஓர் உச்சவரம்பு போடுவார்கள். அந்த வரம்புக்குள் கடையில் என்ன கிடைக்கும் என்று கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் நாம் வாங்க நினைக்காத ரகம்தான் கிடைக்கும். நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதையே எல்லோருக்கும் கொடுத்து விலை கேட்பது மேல். மின் இணைப்புக்கும் அப்படித்தான்: எத்தனை பாயின்ட், குளிர்சாதனத்துக்குத் தனிக் கம்பி உண்டா என்பதை எண்ணி எழுத வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றியது: மொத்தத் தொகையைவிட முக்கியமானது பணம் கொடுக்கும் தவணை. இதை யாரும் ஒப்பிடுவதே இல்லை. கையெழுத்திட்டதும் 25, அஸ்திவாரத்துக்கு 25, தூண் எழும்பியதும் 20, மேல்தளம் போட்டதும் 20 என்று கேட்ட ஒரு மதிப்பீட்டைப் பார்த்தேன். கூட்டிப் பாருங்கள், தளம் போட்ட அன்றே 90 சதவீதம் கைமாறிவிடும். பூச்சு, தரை, கதவு, சன்னல், குழாய், மின்சாரம், வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். மிச்சம் பத்து சதவீதத்தை வைத்துக்கொண்டு அவரை யார் வேலைக்கு வரவழைப்பது? கொடுத்த பணம் எப்போதும் முடிந்த வேலைக்கு ஒரு படி பின்னால் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சிறு பகுதியை, ஐந்து சதவீதம் என்றாலும் சரி, குடியேறிச் சில மாதங்கள் கழித்துத் தருவதாக எழுதிக்கொள்ள வேண்டும். தவணையை மாற்றச் சம்மதித்தால் விலையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கும் ஒப்பந்ததாரருக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்பேன் நான். பேரம் பேசியே வாழ்ந்த என் குடும்பத்தார் இதை ஏற்கவில்லை, வேறு விஷயம்.

விலை குறைவாகச் சொல்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. சிலர் ஆள்களைச் சொந்தமாக வைத்திருப்பார்கள், கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் சாமான்கள் சொந்தமாக இருக்கும், இடையில் தரகர் இருக்க மாட்டார். கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். காரணமே இல்லாமல் மற்றவர்களைவிட வெகு தூரம் கீழே நிற்பவரிடம்தான் பயம். அவர் படத்தைச் சரியாகப் படிக்காமல் இருக்கலாம். 'கூடுதல் வேலை' என்ற பெயரில் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். அல்லது நம் முன்பணத்தில் வேறொருவர் வீட்டுத் தளத்தை முடிக்கும் நெருக்கடியில் இருக்கலாம். கடைசி ரகம்தான் பாதி வீட்டோடு நம்மை நிறுத்திவிடும். கூடுதல் வேலைக்கு அலகு விலையை, அதாவது ஒரு சதுர அடிக்கோ ஒரு கன அடிக்கோ இவ்வளவு என்பதை, முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நாம் வேண்டாம் என்று சொல்லும் வேலைக்கு எவ்வளவு கழியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அந்தப் பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வந்தவர்களில் ஒருவர் செல்பேசியில் இரண்டு பெருக்கல் போட்டு, நின்ற இடத்திலேயே தொகை சொன்னார். இன்னொருவர் படங்களை வாங்கிக்கொண்டு, மண் பரிசோதனை அறிக்கை எங்கே, லாரி உள்ளே வரும் வழி எவ்வளவு அகலம் என்று கேட்டுவிட்டு, அன்று தொகை எதுவும் சொல்லாமல் போனார். "கெத்துக் காட்டுகிறார்" என்று வீட்டில் முகம் சுளித்தார்கள். எனக்கோ அவர்மேல்தான் நம்பிக்கை வந்தது.

அவர் கட்டி, மழைக்காலம் சிலவற்றைப் பார்த்துவிட்ட வீடு ஒன்றைக் காட்டச் சொன்னேன். புது வீட்டைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. வண்ணம் எல்லாவற்றையும் மூடிவிடும். குளியலறையின் வெளிச்சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, சன்னல் மூலைகளில் விரிசல் ஓடுகிறதா என்று பார்த்தேன். பிறகு அந்த வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கும் கடைசியில் கொடுத்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம்? அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். வித்தியாசம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கூடுதலுக்கும் தேதி, அளவு, இருவர் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருந்தன.